பின் இருக்கையின் எதிர்வாதம்

சென்ற வாரம் என் காரின் பின்பக்கத்தைப் பலப்படுத்தினேன். காருக்காக அல்ல... ஒரு வாக்கியத்துக்காக.

அதைச் சொன்னவள் மாரிச்செல்வி. பட்டிமன்ற மேடைகளில் எனக்கு எதிரணி. மேடையை விட்டு இறங்கினால் என் ஒரே தோழி. எந்த ஊரில் பேச்சென்றாலும் என் பழைய காரில்தான் இருவரும் போவோம். விளாத்திகுளத்தில் பேசிவிட்டுத் திரும்பிய ஒரு மாலை, இடைசெவலில் தன் வீட்டு வாசலில் இறங்கியவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"ஏட்டி, ஒன் வண்டியில பின்னால உக்காந்தா நடுமுதுகு கழண்டு மடியில விழுது. இனி நான் பஸ்ல வந்துக்கிடுதேன்."

அன்றிலிருந்து பஸ்தான்.

ஒரே ஊர், ஒரே மேடை, ஒரே நேரம். அவள் பேருந்தில், நான் காரில். பருத்திக் காடுகளுக்கு நடுவே நீளும் சாலையில் என் வாதத்தை நானே சொல்லி, மறுப்பையும் நானே சொல்லிக்கொண்டு போவேன். தனக்குத்தானே எதிரணியாக இருந்து பாருங்கள். எவ்வளவு எளிதாக வென்றுவிடுகிறோம்! வென்றபின் எவ்வளவு அமைதியாக இருக்கிறது, அந்தக் கார்!

எதிரணியின் சொல்லை அப்படியே பிடித்துக்கொண்டு மறுப்பது நாங்கள் பயின்ற வித்தை. முதுகுதானே குற்றச்சாட்டு? முதுகுக்கே பதில் சொல்வோம் — என்று கோவில்பட்டியில் ராஜபாண்டி அண்ணாச்சியின் பட்டறைக்குப் போனேன். பின்சக்கரங்களுக்குக் காயில்ஓவர் மாட்ட வேண்டும் என்றேன்.

"மாட்டிரலாம். ஆனா சும்மா மாட்ட முடியாது தங்கச்சி. இப்ப ஸ்பிரிங்கு தனி, ஷாக் தனி. வெயிட்டை ஸ்பிரிங்கு தாங்குது, ஆட்டத்தை ஷாக் அடக்குது. நீங்க கேக்குதது ரெண்டும் ஒண்ணா இருக்க சாமான். மொத்தப் பாரமும் ஷாக்கை பாடியில பிடிச்சிருக்க மேல் மவுண்டுல போய் ஏறும். அந்தத் தகடு அதுக்குச் செஞ்சதில்ல. ஒரு பள்ளத்துல விட்டீங்கன்னா கிழிச்சுக்கிட்டு சீட்டுக்கே வந்துரும்."

"அப்போ என்ன செய்யணும் அண்ணாச்சி?"

"மவுண்டைச் சுத்திக் கனமான பிளேட்டு வச்சு வெல்டு அடிக்கணும். பாரம் ஒரே எடத்துல குத்தாம பரவிரும். பின்னால எத்தனை பேரு உக்காருவாவ? அதுக்குத் தக்கன ஸ்பிரிங்கு பாக்கணும்."

"ஒருத்தி."

"யாரு?"

"இப்ப வரதில்ல."

அண்ணாச்சி ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஆளே இல்லாத சீட்டுக்கா இம்புட்டு வேலை?"

முன்பணத்தை எடுத்து அவர் மேசையில் வைத்தேன்.

வேலை முடிந்த அன்று பின்னிருக்கையைச் சோதிக்க ஆள் வேண்டியிருந்தது. யாரைக் கூப்பிடுவது? கைப்பேசியில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். அமைப்பாளர்கள், நடுவர்கள், ஒலிபெருக்கிக்காரர்... இறுதியில், "நீங்க ஓட்டுங்க அண்ணாச்சி, நானே உக்காருதேன்" என்றேன்.

அவர் முன்கதவைத் திறந்தார். "முன்னால இருக்க இத எறக்கிருவமா?"

"வேண்டாம். அது எப்பவும் அங்கனதான் இருக்கும்."

'அது' — நான் வென்ற முதல் கேடயம். என் ராசி. பிரேக் போட்டால் சரியக் கூடாதென்று அதற்கு சீட் பெல்ட் போட்டிருப்பேன்.

எட்டயபுரம் சாலையில் ஏறினோம். மழையில் வீங்கி, வெயிலில் வெடித்து, கரிசல் மண் அலை அலையாகப் புரட்டிப் போட்ட சாலை. கார் தூக்கிப் போடவில்லை, மிதந்தது. என் வெற்றியை அறிவித்தேன்.

"சூப்பரா இருக்கு அண்ணாச்சி!"

பதிலில்லை. மீண்டும் சொன்னேன். மூன்றாம் முறை கத்தினேன்.

"என்ன சொல்லுதீங்க? காத்துல ஒண்ணும் வெளங்கலயே!"

என் காரில் ஏசி கிடையாது. கண்ணாடிகள் எப்போதும் இறங்கியே இருக்கும். அந்த இரைச்சலில் பின்னாலிருந்து பேசினால் ஓட்டுபவருக்குக் கேட்காது. எனக்கும் கேட்டிருக்காது! எத்தனை பயணங்களில், 'என்ன செல்வி, பதிலே இல்லையா?' என்று எக்காளமிட்டிருப்பேன்? அவளிடம் பதில் இருந்திருக்கும். காற்று வாங்கிக்கொண்டு போயிருக்கும்.

எதிரே பார்த்தேன். ஓட்டுபவரின் பிடரி. அதன் பக்கத்தில், பெல்ட் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் கேடயம். இத்தனை நாளும் செல்வி பார்த்துக்கொண்டு வந்த காட்சி அதுதான்.

அப்போதும் எனக்கு முழுதாக விளங்கவில்லை. வீடு திரும்பியதும் பெருமிதத்தோடு அவளுக்குச் செய்தி அனுப்பினேன்: "பின்னால வெல்டு வச்சு எல்லாம் சரியாயிட்டுட்டி. ஞாயித்துக்கெழமை விளாத்திகுளத்துக்குக் கார்ல வாறியா?"

அவள் பதில் வந்தது.

"பின்னால வெல்டு வச்சது சரி. முன்னால பெல்ட்டு போட்டு ஒரு பெரிய மனுசர் உக்காந்திருக்காரே... ஏட்டி, அவரு எப்ப எறங்குதாரு?"

வருகிறேன் என்றும் இல்லை. மாட்டேன் என்றும் இல்லை.

கேடயத்தை வீட்டு அலமாரியில் வைத்துவிட்டேன். முன்னிருக்கை இப்போது காலி. அது இருந்தவரை நான் தனியாக ஓட்டுகிறேன் என்பதே இவ்வளவு துலக்கமாகத் தெரிந்ததில்லை.

செல்வி, இந்தப் பத்தியை நீ படிப்பாய், குறை கண்டுபிடிக்கவாவது. அந்த பெல்ட் இன்னும் நன்றாகத்தான் மாட்டுகிறது.