மாமாவுக்கு வந்த போன்

போன் ஸ்பீக்கரில் இருந்தது. தறிச் சத்தத்திலேயே காலம் தள்ளிய என் மாமனாருக்குக் காது மந்தம். "ஐயா, உங்களுக்கு ஏதாவது நோய் இருக்குதுங்களா?" என்று இன்சூரன்ஸ் கம்பெனி டாக்டரம்மா கேட்டார். "ஒன்னுமில்லீங்க கண்ணு, வாயுத் தொந்தரவு மட்டுந்தானுங்க," என்றார் மாமா, சிரித்த முகமாக.

அவருக்கு இருந்தது வாயு இல்லை. இதயம் பலவீனமாகிவிட்டதென்று கோயமுத்தூர் டாக்டர் சொன்னதை என் வீட்டுக்காரர் அப்பாவிடம் வாயு என்று சொல்லி மறைத்துவிட்டார். தெரிந்தால் அந்தக் கவலையிலேயே போய்விடுவார் என்பது அவர் கட்சி. எல்லோரும் கூடிப் பேசி நோயாளிக்கு மட்டும் சொல்லாமல் விடுவதைத்தான் எங்கள் பக்கத்தில் பாசம் என்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவே இல்லை. சண்டை போட்டுப் பார்த்தேன், நடக்கவில்லை.

ஏற்கெனவே இருக்கும் நோயைச் சொல்லிச் சேர்ந்தால், மாதாமாதம் வாங்கும் மருந்துக்கும் பணம் தரும் பாலிசி அது. அந்த மாதத்தோடு மாமாவுக்கு வயது வரம்பு தாண்டிவிடும், பிறகு சேர முடியாது. நோயை மறைக்கக் கூடாதென்பதால் ஃபார்மில் இதயக் கோளாறை என் வீட்டுக்காரரே எழுதி, மாமாவிடம் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டார். கம்பெனியிலிருந்து மாமாவையே கூப்பிட்டு விசாரிப்பார்கள் என்று அந்த மகா புத்திசாலிக்குத் தோன்றவே இல்லை. போன் வந்தபோது அவர் வேலைக்குப் போயிருந்தார். மாட்டிக்கொண்டது நான்.

வாயைத் திறந்தேன். "குறுக்கே பேசாதீங்க மேடம், ரெக்கார்டு ஆகுது. ஐயாதான் பதில் சொல்லணும்," என்றார் டாக்டரம்மா. "ஃபார்ம்ல ஹார்ட் பிரச்சினைன்னு எழுதியிருக்குதுங்களே ஐயா? ரெண்டும் ஒத்துவரலீன்னா பாலிசி போட முடியாதுங்க."

மாமா என்னைப் பார்த்தார். ஆமாம் என்று தலையாட்டினால் மனுஷன் உடைந்துபோவார். ஆட்டாவிட்டால் மருந்து போய்விடும். பாழாய்ப்போன கண்ணீர் முந்திக்கொண்டது. அதைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

போன் பக்கம் திரும்பினார். "ஆமாங்க கண்ணு, ஹார்ட்டுதானுங்க. வயசாச்சு பாருங்க, மறந்துபோட்டேன்." மற்ற கேள்விகளுக்கெல்லாம் நிதானமாகப் பதில் சொன்னார். "நீங்க சாப்ட்டீங்களா கண்ணு?" என்று டாக்டரம்மாவை விசாரித்த பிறகுதான் போனை என்னிடம் நீட்டினார்.

"மாமா..." என்றேன்.

"உடு அம்மணி. எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு பையங்கிட்டச் சொல்லிப்போடாத. அவன் பயந்துக்குவான்."

பாலிசி கிடைத்தது. மருந்து ஒரு மாதம்கூடத் தடைபடவில்லை. மகன் எதிரில் மாத்திரையை விழுங்கும்போதெல்லாம், "வாயு இப்ப எவ்வளவோ தேவலை கண்ணு," என்பார் மாமா. நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொள்வேன்.

அவர் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. வருகிறவர்களிடம் என் வீட்டுக்காரர் இன்னமும் கண் கலங்கிச் சொல்கிறார்: "கடைசி வரைக்கும் அப்பாவுக்குத் தெரியாமப் பாத்துக்கிட்டமுங்க." நான் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறேன்.