நெய்னா பாயின் ஏழாம் நம்பர் இரும்பு

முகப் பவுடரை கோல்ஃப் மட்டையின் இரும்பு முகத்தில் தட்டி, ஆள்காட்டி விரலால் சீராகப் பரப்பிவிட்டு, நெய்னா முகம்மது காலை அகட்டி நிற்கிறார். மட்டை தோளுக்கு மேலே போய் இறங்குகிறது. பந்து பறந்த திசையை அவர் ஏறிட்டும் பார்ப்பதில்லை. மட்டையைத் திருப்பி, பவுடரில் பந்து பதித்த வட்டத்தைத்தான் பார்க்கிறார். நடுவில் இல்லை, ஒரு விரலகலம் நுனிப் பக்கம் தள்ளி விழுந்திருக்கிறது. வேண்டுமென்றே அப்படி அடித்ததுதான். அதன் பிறகே வயலில் நடந்து, ஒவ்வொரு எட்டாக எண்ணிக்கொண்டு, பந்தைத் தேடிப் போகிறார்.

நீடாமங்கலத்துக்குத் தெற்கே, அரிசி ஆலைக்குப் பின்னால் உள்ள ஒன்பது மா நிலம் அது, ஏறக்குறைய மூன்று ஏக்கர். சம்பா அறுத்து, உளுந்தும் பறித்தான பிறகு, ஆற்றில் தண்ணீர் வரும் வரை இரண்டு மாதம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அந்த இரண்டு மாதம்தான் நெய்னா பாய்க்குச் சோதனைச்சாலை. வளைகுடாவில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் இருபத்து மூன்று வருஷம் இருந்தவர். முதலில் பந்து பொறுக்கினார், அப்புறம் மட்டைகளுக்குப் பிடி மாற்றினார், கடைசியில் எந்தத் துரைக்கு எந்த மட்டை என்று அளந்து சொல்லும் ஆளானார். ஊர் திரும்பியும் அதே தொழில்தான். மனைவி மெஹராஜ் பேகத்தின் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் நாலு மட்டைப் பைகள் நிற்கின்றன. வாடிக்கையாளர்கள் தஞ்சாவூர், திருச்சியில் இருக்கும் டாக்டர்கள், ஆலைக்காரர்கள், ஓய்வுபெற்ற இன்ஜினீயர்கள். இவர்கள் ஆடுவது கொடைக்கானலிலோ சென்னையிலோ; மட்டை வாங்குமுன் பேசுவது நெய்னா பாயிடம்.

பேச்சில் அவர் தாட்சண்யம் பார்க்கமாட்டார். முதல் கேள்வியே, “உங்க ஹேண்டிகேப் எவ்வளவு? உண்மையச் சொல்லுங்க” என்பதுதான். தேர்ந்த ஆட்டக்காரரைவிட ஒருவர் எத்தனை அடி கூடுதலாக அடித்து ஆட்டத்தை முடிக்கிறார் என்பதற்கான எண் அது. பத்துக்குக் கீழே என்றால் அவர் தலையிடுவதில்லை. பதினைந்து, இருபத்தெட்டு என்று சொல்பவர்கள்தான் அவருடைய ஆட்கள்.

போன கோடைக்கு முந்தின கோடையில் இரும்பு மட்டைகள் இரண்டு செட் வந்திருந்தது. ஒன்று பின்பக்கம் நன்றாகக் குடைந்து, எடையெல்லாம் அடியில் இறங்கி, அடிப்பாகம் அகலமாக இருந்தது. மற்றது அதைவிட மெலிந்தது, குடைவும் குறைவு. இரண்டிலும் நடுத்தரத் தூரத்துக்கான ஏழாம் நம்பர் இரும்பை மட்டும் எடுத்து, நடுவில் பத்து, நுனியில் பத்து, தண்டை ஒட்டிய குதியில் பத்து என்று பன்னிரண்டு நாள் அடித்தார். நடுவில் பட்டால் இரண்டிலும் பந்து நூற்று நாற்பது காலடி போனது. நுனியில் பட்டால் அகலமானதில் எட்டுக் காலடிதான் குறைந்தது, மெலிந்ததில் பதினேழு. ஆனால் பந்தை வேண்டுமென்று வளைத்து அடிக்க அகலமானது ஒத்துவராது. மெலிந்தது சொன்னபடி கேட்டது.

“நல்லா அடிச்சது எவ்வளவு தூரம் போச்சுன்னு கேக்காதீங்க டாக்டர்” என்று தஞ்சாவூர் நாகநாதனிடம் போனில் சொன்னார். “தப்பா அடிச்சது எங்க வந்து விழுந்துச்சுன்னு கேளுங்க. உங்களுக்குப் பதினஞ்சுதானே, மெலிசு தாங்கும். இருபதுக்கு மேல உள்ளவங்களுக்குப் பொறுத்துப் போற இரும்புதான் வேணும்.”

பொறுத்துப் போற இரும்பு. அகல அடி மட்டைக்கு அவர் வைத்த பெயர் அது.

அந்த நிலத்தைச் சாகுபடி செய்பவர் காத்தாயி. மாமனார் காலத்திலேயே பதிவான குத்தகை. நெய்னா பாயை அவர் முதல்முதலாகப் பார்த்தபோது கேட்டது, “என்ன பாய், காக்கா ஓட்டுறீங்களா?” என்று. பிறகு அரசாங்கம் கொடுத்த இலவச டிவியில் ஒருநாள் அந்த ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, “அங்க புல்லு மெத்தை மாதிரி இருக்கு. இங்க வந்து கட்டியில அடிக்கிறீங்களே” என்று பரிதாபப்பட்டார். ஏர் ஓட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து கிளம்பும் பந்துகளைத் துடைத்துப் பனை ஓலைப் பெட்டியில் போட்டு வைப்பார்.

நிலத்துக்காரர்கள் சென்னையில் இருந்தார்கள். அவர்களிடமிருந்து உலகநாதன் அதை வாங்கினார். ஆளுங்கட்சியின் ஒன்றியச் செயலாளர். கரை வேட்டியோடு காரிலிருந்து இறங்கினால் டீக்கடை பெஞ்சு எழுந்து நிற்கும். சென்னையில் பெரிய இடத்துச் சகவாசத்தில் கோல்ஃப் பழகியிருந்தார். நெய்னா பாயிடம் வந்து, டிவியில் சாம்பியன்கள் வைத்திருக்கும், குடைவே இல்லாத கத்தி மாதிரி இரும்புதான் வேண்டும் என்றார்.

“உங்களுக்கு எவ்வளவுங்க தலைவரே?”

“இருபத்தெட்டு.”

“அப்ப அது வேணாம். கை எரிச்சல்தான் மிஞ்சும். இந்த அகலமானதை எடுத்துக்குங்க.”

உலகநாதன் சிரித்தார். அவர் வந்த காரியம் வேறு. நிலத்தைப் பிளாட் போடக் காத்தாயியின் குத்தகை குறுக்கே நின்றது. அவரைச் சும்மா வெளியேற்ற முடியாது. அவர் நிலத்தை விவசாயம் அல்லாத காரியத்துக்கு விட்டார் என்று நிரூபித்தால் முடியும். சட்டைப் பையிலிருந்து போட்டோக்களை எடுத்துக் காட்டினார். ஒவ்வொன்றிலும் நெய்னா பாய் மட்டையை ஓங்கியபடி நின்றார்.

“வருஷம் பூரா இங்கதான் ஆடுறேன், நெலம் சும்மாத்தான் கெடக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க பாய். பிளாட் போக மீதியில ஒரு பந்தடி மைதானம் போடுறேன். நெசப் புல்லு. கடை உங்களுது.”

பாய் முடியாது என்று சொல்லவில்லை. இதை மறைக்க வேண்டியதில்லை, அவரே மறைப்பதில்லை. வெடித்த களிமண்ணில் அடித்து அடித்து மணிக்கட்டு வீங்கிய மனிதர். இரண்டு நாள் உட்கார்ந்து, தன் குறிப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கடைக்குப் படம் போட்டார். வாசல் இங்கே, பிடி மாற்றும் மேசை அங்கே, ஆட்கள் நின்று அடிக்கும் மேடை ஆறு.

மெஹராஜ் பேகம் தைத்துக்கொண்டிருந்த துணியை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார். “இந்த மேடை எந்த எடத்துல வருது?”

“காத்தாயி நாத்து விடுற எடத்துல.”

“அவங்க எங்க விடுவாங்க?”

பாய் பேனாவை மூடினார். மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

வருவாய் கோர்ட்டில் உலகநாதன் போட்ட மனுவின் விசாரணைக்குக் காத்தாயி பச்சைக் கண்டாங்கி உடுத்தி வந்திருந்தார். பாயைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாயை எதிர்த்தரப்புச் சாட்சி என்றுதான் எல்லோரும் சொல்லியிருந்தார்கள்.

“படத்துல இருக்கறது நீங்கதானா?” என்று உலகநாதனின் வக்கீல் கேட்டார்.

“நான்தாங்க.”

“வருஷம் பூரா அந்த நிலத்துலதான் விளையாடறீங்க?”

“விளையாடறதில்லைங்க. ரெண்டு இரும்ப ஒப்பிட்டுப் பாக்குறேன். அதுவும் உளுந்து எடுத்தப்புறம், தண்ணி வர்ற வரைக்கும்தான்.”

வக்கீலின் குரல் ஏறியது. “காத்தாயிக்கு என்ன வாடகை கொடுத்தீங்க?”

“ரமலான்ல ஒரு தூக்கு நோன்புக்கஞ்சி. தூக்கைக் கழுவிக் குடுத்துடுவாங்க.”

பின்வரிசையில் சிரித்தார்கள். பாய் சிரிக்கவில்லை. நோட்டை எடுத்து அதிகாரியிடம் நீட்டினார். “நாலு வருஷத்துக்கு எழுதியிருக்கேங்க. அடிச்ச நாளுக்கு அடிச்ச கணக்கு. அடிக்க முடியாத நாளுக்கு ஏன் முடியலைன்னு. வாடிக்கைக்காரங்க தாமதம் ஏன்னு கேப்பாங்க.”

அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாய்விட்டே வாசித்தார். ஜூன் பதினெட்டு: வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, இனி அடிக்க முடியாது. அக்டோபர் ஒன்பது: நடவு. ஜனவரி இருபத்தொன்பது: கதிர் சாய்ந்திருக்கிறது, அறுக்க எட்டு நாளாகுமாம். ஏப்ரல் மூன்று: உளுந்து பறிக்கிறார்கள், டாக்டருக்குப் பதில் சொல்ல முடியவில்லை. நாலு வருஷத்து வெள்ளாமையும் கோல்ஃப் இரும்புகளுக்கு நடுவில் வரிசையாக இருந்தது. கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் அதிகாரி நிறுத்தினார்.

“இது என்ன படம்?”

“கடைங்க” என்றார் பாய். “போடலை.”

மனு தள்ளுபடியானது. உலகநாதன் கத்தி மாதிரி இரும்புகளைச் சென்னையிலேயே வாங்கிக்கொண்டார். அதன் பிறகு பாயின் வீட்டு வாசலில் அவர் கார் நின்றதில்லை. வாடிக்கையான ஆலைக்காரர்களும்கூடக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். டாக்டர் நாகநாதன் மட்டும் கூப்பிடுகிறார். மெலிந்த செட்டில் ஆடி அவருடைய பதினைந்து பதிமூன்றாகியிருக்கிறது.

இந்தச் சித்திரையில் புதிய செட் ஒன்று வந்தது. கோடை மழை பெய்து விட்டிருந்த காலையில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பாய் வயலுக்குப் போனார். காத்தாயி மடியில் விதையோடு நடுவயலில் நின்றார். உழுத மண்ணில் எள் தெளித்து முடியும் தறுவாய்.

“வக்கீலு சொல்லிட்டாரு பாய்” என்றார், கையைப் புடவையில் துடைத்தபடி. “இனிமே ஒரு நாளும் நெலத்தச் சும்மா போடக் கூடாதாம். ஒங்கள்ட்ட சொல்லணும்னு ரெண்டு நாளா நெனைக்கிறேன். வாய் வரலை.”

“சரியாத்தானே சொல்லியிருக்காரு.”

“நீங்க எங்க போயி அடிப்பீங்க?”

“பாக்கலாம்மா. ஆத்து மணல் கெடக்கு.”

ஆற்றுக்குப் போகும் பாதை வயலின் எதிர்க் கரையில் இருந்தது. குறுக்கே நடந்தால் நூற்றிருபது எட்டு. பை கனத்தது, மணிக்கட்டு அன்றைக்கு நன்றாகவே வலித்தது.

“குறுக்கால போங்க பாய். இப்பத்தான தெளிச்சிருக்கு, ஒண்ணும் ஆவாது.”

பாய் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, ஈரத்தில் வழுக்கிய வரப்பின் மீது ஏறி, ஒன்பது மாவையும் சுற்றிக்கொண்டு நடந்தார்.