கொன்ஸ்ரன்ஸ் காத்திருக்கவில்லை

எழுத்தாளர் ஸ்ரீஸ்கந்தராசாவின் நினைவுக்குறிப்பு நூலிலிருந்து ஒரு பகுதி ஞாயிறு பத்திரிகையில் வந்திருந்தது. வாசித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கொட்டாஞ்சேனைக் கொன்ஸ்ரன்ஸைக் கைவிட்டேன். இன்றும் மாதா முன்னால் மெழுகுதிரி கொளுத்தி எனக்காகக் காத்திருப்பாள்" என்று எழுதியிருந்தார் மனுசன்.

காத்திருப்பாளாம்! கொன்ஸ்ரன்ஸ் அக்காவும் நானும் ஒரே கப்பல் கம்பனியில் டைப் அடித்தவர்கள். அக்கா துறைமுகத்தில் வேலை செய்த ஹியூபேட் அண்ணனைக் கட்டி, பிள்ளை பெற்று, பேரப்பிள்ளையும் கண்டாயிற்று.

அந்தக் காலத்தில் எழுத்தாளரும் அக்காவும் விரும்பியது உண்மைதான். ஒருநாள் இருவரும் வெள்ளவத்தைச் சந்தையில் நிற்க, எழுத்தாளரின் மாமி எதிரே வந்துவிட்டார். "ஆர் இந்தப் பிள்ளை?" என்று மாமி கேட்க, "தெரியாது மாமி" என்று சொல்லி, மாமியின் பையையும் தூக்கிக்கொண்டு இவர் நடந்துவிட்டார். அன்று பின்னேரமே அக்கா அவரை வேண்டாம் என்றுவிட்டார்.

பத்திரிகை வந்த பிறகு, பூசை முடிந்து வெளியே வந்தால் ஆட்கள் ஹியூபேட் அண்ணனைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். அதைத்தான் அக்காவால் தாங்க முடியவில்லை.

"ஏதோ வேற வழியில்லாம இவரக் கட்டின மாதிரி ஆகிட்டே, சுபோதினி," என்று அழுதார்.

"அழாதேங்கோ அக்கா. அந்தப் புத்தக வெளியீடு வருதுதானே, அதுக்குப் போவம்."

நம்முடைய நூல் வெளியீடுகள் தெரியும்தானே. பேச்சுகள் முடிந்ததும், வாசலில் பெயர் கொடுத்தவர்களை ஒவ்வொருவராக மேடைக்குக் கூப்பிட்டு, ஆசிரியர் கையால் சிறப்புப் பிரதி கொடுப்பார்கள். நான் போனவுடனேயே அண்ணன், அக்கா பெயரைக் கொடுத்துவிட்டேன்.

"அடுத்து, திரு, திருமதி ஹியூபேட்!"

அண்ணன் சேர்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் போனார். பின்னால் வந்த அக்காவைக் கண்டதும் எழுத்தாளரின் கை புத்தகத்தோடு அப்படியே நின்றது.

"என்னத் தெரியுதா, சிறி?"

மைக் கிட்ட இருந்தது. மண்டபம் முழுக்கக் கேட்டது. முன்வரிசையில் அவருடைய சொந்தக்காரர் எல்லாரும் இருந்தார்கள். அவர் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"ஓம்," என்றார் பிறகு. "தெரியும்."

"நான் ஒருத்தருக்கும் காத்திருக்கல்ல. நான்தான் உங்கள வேணாம் எண்டு சொன்ன. இவர் நான் விரும்பிக் கட்டின மனுசன்."

நான் இருந்த இடத்திலிருந்து கைதட்டிவிட்டேன். ஒருவரும் சேர்ந்து தட்டவில்லை, போகட்டும். ஹியூபேட் அண்ணன் மட்டும் வழக்கம்போல மரியாதையாக, "ஐயா, ஒரு கையெழுத்து," என்று அவர் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி, திறந்து நீட்டினார்.

"கொன்ஸ்ரன்ஸ் ஹியூபேட்டுக்கு எண்டு போடுங்க," என்றார் அக்கா.

எழுத்தாளர் குனிந்து அப்படியே எழுதினார். என்னைக் கேட்டால், அக்காவைப் பற்றி அந்தப் புத்தகத்தில் அவர் சரியாக எழுதியது அது ஒன்றுதான்.