பரிமளாவின் ஆவண அறையில் ஒரு மழை நாள்

விழுப்புரத்தில் காலை எட்டரை மணி செஞ்சிப் பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சுமார் நாற்பது கிலோமீட்டர். வழியெல்லாம் எனக்கு வயிற்றெரிச்சல். நூலகப் படிப்பில் என்னோடு படித்த பரிமளா, செஞ்சியில் ஓர் அறக்கட்டளையின் ஆவண அறையைப் பார்த்துக்கொள்கிறாள். விழுப்புரத்தில் எனக்கும் அதே வேலைதான். போன மழையில் என் அறைக்குள் தண்ணீர் புகுந்து கீழ்த்தட்டு முழுக்கக் கூழாகிவிட்டது. அவள் அறையில் ஒரு தாள்கூட நனையவில்லை. “போய்ப் பார்த்துக் கத்துக்கிட்டு வாங்க” என்று மேலாளர் அனுப்பியதுதான் இன்னும் எரிந்தது.

இறங்கியபோது ராஜகிரி உச்சியை மேகம் மூடியிருந்தது. கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு பழைய மாடி வீடு. “வாடி சுமதி, சாப்டியா?” என்று பரிமளா கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போனாள்.

குறை கண்டுபிடிக்கத்தான் சுற்றிப் பார்த்தேன். அலமாரிகள் சுவரை ஒட்டாமல், கீழ்த்தட்டு முழங்கால் உயரத்தில் இருக்கும்படி நின்றன. ஒவ்வொன்றின் மேலும் சுருட்டிய தார்ப்பாய். கயிற்றை இழுத்தால் விரிந்து விழும். அனந்தபுரம், பனமலைக் குடும்பங்கள் கொடுத்த பழைய பத்திரங்கள் சிவப்புத் துணியில் கட்டியிருந்தன.

“ஆபத்துன்னா மொதல்ல செவப்பத் தூக்கணும். மத்ததெல்லாம் அப்புறம்.”

நனைந்த காகிதத்தைப் பூஞ்சை பிடிப்பதற்குள் உறைய வைக்க வேண்டும். அதற்கு எதிரிலிருக்கும் ஐஸ்கிரீம் கடைக்காரர் ஒரு பெட்டியைக் காலி செய்து தருவாராம். இதையெல்லாம் நானும் திட்டமாக எழுதிக் கொடுத்தவள்தான். அது மேலாளர் மேசையில் கிடக்கிறது.

மதியம் மூன்று மணிக்கு வானம் பொத்துக்கொண்டது. மொட்டைமாடியில் தண்ணீர் வடியும் குழாயைச் சருகு அடைத்துக்கொள்ள, தேங்கிய நீர் கூரை விரிசல் வழியே நேராகச் சிவப்புக் கட்டுகள் மேல் கொட்டியது. சொல்லவே கூசுகிறது, ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பரிமளா கயிற்றை இழுத்துவிட்டு வாசலுக்கு ஓடி, “அண்ணே!” என்று கத்தினாள். ஐஸ்கிரீம் கடைக்காரர், தையல்கார அம்மா, பூக்கடைப் பெண் எல்லாரும் ஓடி வந்தார்கள். கடைக்காரர் மாடிக்குப் போய்ச் சருகை அள்ளினார்.

“இன்னா நின்னுனு இருக்குற? புடி!” தையல்கார அம்மா ஒரு சிவப்புக் கட்டை என் கையில் திணித்தார். அதன்பிறகு நானும் ஓடினேன். நன்றாக நனைந்தது ஒரு கட்டுதான். நீரை ஒற்றியெடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஐஸ் பெட்டிக்குள் வைத்தோம்.

மழை விட்டதும் பரிமளா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். “பயந்தே போயிட்டேன்டி.” பூக்கடைப் பெண் அவள் தலையைத் துவட்டிவிட்டாள்.

பொறாமை அப்போதுதான் என்னை உண்மையாகக் கடித்தது. என் அறையில் தண்ணீர் ஏறியபோது, கணுக்கால் நனைய நான் ஒருத்திதான் நின்றிருந்தேன்.

“இவங்களயெல்லாம் எப்பிடிடி சேத்த?”

“உள்ள கூப்ட்டு, இன்னா இருக்குதுன்னு காட்டினேன். அவங்க பாட்டன் பேரும் இதுல இருக்குதுல்ல.”

இருட்டும்போது விழுப்புரத்தில் இறங்கினேன். வீட்டுக்குப் போகவில்லை. எங்கள் அலுவலகத்துக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் அவரிடம் நகல் எடுப்பதைத் தவிர வேறெதுவும் பேசியதில்லை.

“அண்ணே, ஒரு நிமிஷம் உள்ள வர்றீங்களா?”

“இன்னாத்துக்கும்மா?”

ஆவண அறைக் கதவைத் திறந்து விளக்கைப் போட்டேன். “உங்களுக்கு எந்த ஊருண்ணே?” என்று கேட்டேன்.