இலை போட்டு முடித்த விரதம்

என் அண்ணன் பொய் சொல்கிறார். அந்தப் பொய்யை முதலில் சொன்னவள் நான்தான். அதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். நான் சொன்னது இரண்டு வாரம். அவர் ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் சேலை விரித்துக் காட்டுவது என் வேலை. வெள்ளைத் துணி போட்ட மெத்தையில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டும். முகூர்த்தச் சேலை எடுக்க வருகிறவர்கள் பத்துப் பேராக வருவார்கள். அவர்கள் எழுந்தால்தான் நான் எழ முடியும். மதியச் சோற்றுக்கு நாலு மணி ஆகும். ஐந்து நிமிடத்தில் டப்பாவைக் காலி செய்வேன். நடுவில் வாடிக்கையாளருக்கு வாங்கும் காபியில் எனக்கு ஒன்று, கலர் சோடா ஒன்று. வீட்டுக்குப் போகும் வழியில் பஜ்ஜி. நூற்றுப் பதினெட்டு கிலோ ஆனேன். மெத்தையிலிருந்து எழ இரண்டு பேர் கை கொடுக்க வேண்டும். "கிரேன் எழுந்துக்குது, வழி உடுங்கபா" என்பார் பில் போடுகிறவர். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன்.

சர்க்கரை, முட்டி வலி, படுத்தால் மூச்சு முட்டல். வயிற்றைச் சின்னதாக்கும் ஆபரேஷன் செய்யலாம் என்று சென்னையில் ஒரு டாக்டர் சொன்னார். சாப்பாட்டு முறை சொல்லித்தர அங்கே ஒரு பெண் இருந்தாள். "ஆபரேஷன் பண்ணிட்டா எல்லாம் சரியாப் பூடும்னு வராதீங்கம்மா. இப்பவே பழகிக்கினு வாங்க" என்றாள். ஒரு வாய்ச் சோற்றை இருபது முறை மெல்ல வேண்டும். சாப்பிடும்போது தண்ணீர் கூடாது. குழந்தைக்கு ஊட்டுகிற ஸ்பூன்தான். மூன்று மாதம் பழகினேன். கடைசி இரண்டு வாரம் மோர், பருப்புத் தண்ணீர், அவர்கள் கொடுத்த சத்து மாவு மட்டும். கல்லீரல் சுருங்கினால்தான் உள்ளே வேலை செய்ய இடம் கிடைக்குமாம்.

கடையில் கேட்டார்கள். "இன்னாக்கா, டப்பாவே தொறக்க மாட்ற?" அம்மனுக்கு விரதம் என்றேன். வயிற்றை வெட்டிக்கொள்ளப் போகிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. விரதம் என்றால் இந்த ஊரில் யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள்.

அண்ணனிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். என் கணவர் இறந்துவிட்டார். ஆஸ்பத்திரிப் பேப்பரில் கையெழுத்துப் போட ஆள் வேண்டும். போட்டார். ஒவ்வொரு பக்கமாகப் படித்துவிட்டுத்தான் போட்டார்.

எங்கள் வகையறாவில் ஒரு வழக்கம். கட்டிக்கொடுத்த பெண் விரதம் இருந்தால் பிறந்த வீட்டில் இலை போட்டு முடிக்க வேண்டும். அண்ணன் தம்பி கையால் பரிமாறினால்தான் பலன். கடையில் நான் சொன்னது தெருவுக்குப் போய், தெருவிலிருந்து சொந்தக்காரர்களுக்குப் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் சேர இரண்டு நாள் இருக்கும்போது அண்ணன் வரச் சொன்னார். போனேன். கூடத்தில் பதினைந்து பேர். நடுவில் எனக்கு இலை.

சமையலறைப் பக்கம் கூப்பிட்டு, "உனக்குத்தான் தெரியுமேண்ணா" என்றேன்.

"தெரியும். இவ்ளோ பேர் வந்துகினு இருக்காங்க. ஒரு வேளை சோறு இன்னா பண்ணிடப் போவுது?"

"டாக்டர் கூடாதுன்னாரு."

"டாக்டரா வந்து இவங்களுக்குப் பதில் சொல்லுவாரு? விரதம்னு சொன்னது நீதான. போய் உக்காரு."

உட்கார்ந்தேன். சோறு, சாம்பார், வடை, பாயசம். அண்ணி பாயசம் இரண்டாம் முறையும் ஊற்றினாள். மூன்று மாதம் பழகியது கைக்கு நினைவே வரவில்லை. பத்து நிமிடத்தில் இலை காலி. ருசியாக இருந்ததா என்று கேட்டால் தெரியாது. கெட்டது கெட்டுவிட்டது என்று மறுநாளும் கிடைத்ததையெல்லாம் தின்றேன்.

ஆஸ்பத்திரியில் அந்தப் பெண்ணிடம் மறைக்கவில்லை. ஆபரேஷனைத் தள்ளிவைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுபடி முதலிலிருந்து மோர்.

ஒரு மாதம் கழித்து ஆபரேஷன் நடந்தது. முதலில் தண்ணீர், அதுவும் ஒவ்வொரு மடக்காக. பிறகு மசித்த பருப்பு. பிறகு முட்டை. இப்போது ஒரு வேளைக்கு அரைக் கிண்ணம். பருப்போ முட்டையோ தயிரோ முதலில், அப்புறம் காய், இடம் இருந்தால் சோறு. பசி வருவதில்லை. போனில் அலாரம் வைத்திருக்கிறேன், அடித்தால் சாப்பிடுகிறேன். பஜ்ஜி வாசனை வருகிறது, போகிறது. "இன்னாமா, நம்ம மேல கோவமா?" என்கிறார் பஜ்ஜிக் கடைக்காரர். கோபம் இல்லை. அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

அலாரம் அடித்தால், எதிரே கல்யாண வீட்டார் இருந்தாலும் எழுந்துவிடுகிறேன். "பத்து நிமிஷம்மா, பாத்துக்கினு இருங்க." முதலாளி கொஞ்ச நாள் முறைத்தார். கை ஊன்றாமல் எழுகிறேன். நாற்பது கிலோ குறைந்திருக்கிறது. சந்தோஷமா என்று கேட்கிறார்கள். தலையை ஆட்டி வைக்கிறேன்.

அண்ணன் என்ன சொல்கிறார் என்றால், "அம்மனுக்கு விரதம் இருந்தா. நான் என் கையால இலை போட்டு முடிச்சேன். எப்படி இளைச்சிட்டா பாரு." ஆஸ்பத்திரியில் படுத்திருந்தது கர்ப்பப்பைக்காக என்று சொல்லிவிட்டார். என் காதிலும் விழுந்தது. சும்மா இருந்தேன். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

முந்தாநாள் அவருடைய மருமகள் கடைக்கு வந்தாள். முப்பது வயது. நான் இருந்ததைவிடப் பெரிய உடம்பு. மூன்று வருடமாகச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவள். மெத்தை ஓரத்தில் மூச்சு வாங்க உட்கார்ந்தாள்.

"அத்தை, நீங்க இருந்த விரதம்தான் நானும் இருக்கேன். இன்னிக்கு ஒம்போதாவது நாள். மோரு மட்டும்தான். தலைதான் சுத்துது."

"மாத்திரை?"

"விரதத்துல மாத்திரை இன்னாத்துக்குன்னு மாமா சொன்னாரு. நிறுத்திட்டேன்."

உள்ளறைக்குக் கூட்டிப்போய் முந்தானையை விலக்கி வயிற்றில் இருக்கும் ஐந்து தழும்புகளைக் காட்டினேன். எல்லாம் சொன்னேன். தழும்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மாமா பொய் சொல்வாரா அத்தை?" என்றாள். ஆட்டோவில் ஏற்றி டாக்டரிடம் கூட்டிப்போனேன். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, இன்றே மாத்திரையை ஆரம்பி என்று திட்டினார். என் எதிரே ஒன்று போட்டாள். நேற்று போனில் கேட்டேன். "மாமா முடிச்சு வெக்கட்டும் அத்தை, அப்புறம் போட்டுக்கிறேன்" என்கிறாள்.

முடித்துவைக்கும் நாள் இந்த ஞாயிறு. அவள் குழந்தைக்குக் காதுகுத்து. பந்தியில் அவளுக்கு நடு இலை. மாத்திரை இல்லாத உடம்பில் இரண்டு கரண்டி பாயசம் ஊற்றுவார்கள்.

எனக்கும் ஓர் இலை போடுவார்கள். உட்காருவேன். பரிமாறுவதற்கு முன் எழுந்து, என் பொய்யை நானே சொல்வேன். அதற்குப் பிறகு உன் முறை, அண்ணா. கையில் இருக்கும் வாளியைக் கீழே வை. ஆஸ்பத்திரிப் பேப்பரைப் படித்துக் கையெழுத்துப் போட்டாயா, இல்லையா? தெரிந்துகொண்டே எனக்கு இலை போட்டாயா, இல்லையா? உன் மருமகளின் மாத்திரையை நிறுத்தியது யார்? சமையலறைப் பக்கம் கூப்பிடாதே, வரமாட்டேன். அத்தனை பேரும் உட்கார்ந்திருக்கும்போது, அவள் முகத்தைப் பார்த்து, பதில் சொல்.