புகை அடித்த விஸ்கி

நான் பதுளையிலிருந்து கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்குச் செய்தி எழுதிக்கொண்டிருந்த காலத்தில் ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும். அதற்கப்பால் மாட்டு வண்டிதான். தோட்டத்துத் துரைமாருக்கு வேண்டிய பிஸ்கட், சுருட்டு, விஸ்கி எல்லாம் அப்படித்தான் வரும். கடைத்தெருவில் அவற்றை விற்ற முதலாளி மதுரைப் பக்கத்துக்காரர், சைவர். நெற்றி நிறைய விபூதி. அடுக்கியிருந்த போத்தல்களில் ஒன்றைக்கூட அவர் முகர்ந்து பார்த்ததில்லை.

ஆனி மாதத்தில் ஒரு காலை அவர் என் வாசலில் நின்றார். ஸ்பிரிங்வெளிப் பாதையிலுள்ள ஒரு தோட்டத்துத் துரை, வாங்கிய விஸ்கிப் பெட்டியைத் திருப்பி எடுக்கச் சொல்லிவிட்டாராம். சரக்கில் புகை அடிக்கிறது, கடைக் கிடங்கில் புகைபோட்ட கொப்பரைத் தேங்காய்க்குப் பக்கத்தில் கிடந்து கெட்டுவிட்டது என்பது புகார்.

"பேரு போயிடுங்க. இந்தத் துரை கிளப்புல வாயத் தொறந்தா ஊவா மாகாணத்துல ஒரு பங்களாவும் என் சரக்கத் தொடாது. நீங்க இங்கிலீசு தெரிஞ்சவங்க, கூட வாங்க" என்றார்.

துரை எங்களைப் பங்களாவில் பார்க்கவில்லை. தோட்டத்தில் ஸ்டோர் என்று சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில், தேநீரைச் சுவைத்துப் பார்க்கும் மேசைக்கு வரச் சொன்னார். தெற்கு இங்கிலாந்துக்காரர், இளைஞர். அந்தப் பெட்டி உண்மையில் அவருக்காக வந்ததல்ல. முன்பிருந்த ஸ்கொட்லாந்துத் துரை தம் நாட்டிலிருந்து கேட்டு வரவழைத்தது. பெட்டி வருமுன் அவர் கண்டிப் பக்கம் மாறிப்போய்விட்டதால் புதியவர் வாங்கிக்கொண்டார்.

ஸ்டோரை நடத்திய டீமேக்கர், கிறிஸ்தவர், ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லியிருந்தார். "சந்தேகமே இல்லீங்க, புகை அடிச்ச சரக்கு."

அவரைக் குறை சொல்ல முடியாது. தேயிலை காயவைக்கும் இயந்திரத்தின் அடுப்புக் குழாயில் சின்ன விரிசல் விழுந்தாலும் புகை இலையில் ஏறிவிடும். ஏலத்தில் அந்த இலையை ஒருவரும் சீண்டமாட்டார்கள். அந்த மேசையில் புகை என்றால் குற்றம்.

முதலாளி மேசையோரம் இருந்த பெட்டிக்குள் கைவிட்டு, போத்தல்களைச் சுற்றியிருந்த வைக்கோலில் ஒரு பிடி எடுத்து முகர்ந்தார். பிறகு டீமேக்கரிடம் நீட்டினார். "மோந்து பாருங்க. வெளிப்புகைன்னா மொதல்ல வைக்கோல்ல ஏறணுமா இல்லையா? தக்கையத் தாண்டிப் போயி உள்ள ஒளிஞ்சிக்குமா?"

வைக்கோலில் வைக்கோல் மணம்தான் இருந்தது. டீமேக்கர் அதைத் திருப்பித் திருப்பி முகர்ந்தார். "அப்ப சீமையிலேயே குழாயில ஓட்டை" என்றார்.

துரை சிரிக்கவில்லை. அவருக்குத் தெரிந்த தமிழ், வேலை வாங்கப் படித்த தமிழ். "நல்ல சரக்கு? நீ குடி."

முதலாளி இரண்டு கையையும் கூப்பினார். "துரை, கதிர்காமத்து முருகனுக்கு விரதம் இருக்கேங்க."

"குடி. இல்ல, பெட்டி எடு."

டீமேக்கர்தான் வழி சொன்னார். "முதலாளி, நான் பொழுதுக்கும் தேத்தண்ணிய வாயில வைக்கிறேன். குடிக்கிறேனா? உறிஞ்சு, சுழட்டு, துப்பு. அவ்வளவுதான்."

"துப்பினா குடிச்சதாகாதா?"

"ஆகாதுன்னு உங்க சாமிகிட்ட நானே சாட்சி சொல்றேன்."

"நீங்க வேதக்காரரு. உங்க சாட்சி முருகன்கிட்ட செல்லுமா?"

வெள்ளைக் கிண்ணங்களில் விஸ்கியும் கொஞ்சம் தண்ணீரும் ஊற்றினார் டீமேக்கர். நிறம் கடுஞ்சாயத் தேநீர் போல, ஓரத்தில் சிவப்பு. முதலாளி கண்ணை மூடிக்கொண்டு ஒரு கரண்டி உறிஞ்சி உடனே துப்பினார். நானும் உறிஞ்சினேன். முதலில் புகை. விறகுப் புகையல்ல, நனைந்த மண்ணைக் கொளுத்தியது போன்ற ஒன்று. அதன் பின்னால் மருந்து நெடி, துளி உப்பு. அதோடு முடிந்தது என்று நினைத்தபோது உலர்ந்த திராட்சையின் இனிப்பு மெல்ல எழுந்தது. ஒரே வாயில் இரண்டு சரக்கு. ஹாலிஎலவில் இருந்த ஸ்கொட்லாந்து இன்ஜினியர் ஒருவர் பிற்பாடு எனக்கு விளக்கினார். அவர்கள் ஊரில் சதுப்பு நிலத்து மண்ணை வெட்டிக் காயவைத்து எரித்து, அந்தப் புகையில் முளைகட்டிய பார்லியை உலர்த்துவார்களாம். ஸ்பெயின் தேசத்து ஷெரி என்ற திராட்சை மது இருந்த பீப்பாயில் விஸ்கியை வருடக்கணக்கில் கிடத்துவார்களாம்.

துரை அதுவரை அதைச் சோடா கலந்துதான் குடித்திருந்தார். இப்போது தேநீர் பார்க்கும் வழக்கப்படி கரண்டியைச் சத்தத்தோடு உறிஞ்சினார், கன்னத்தில் சுழற்றினார், துப்பும் தொட்டியின் மேல் குனிந்தார். குனிந்தபடியே நின்றார். நிமிர்ந்தபோது தொட்டியில் ஒன்றும் விழவில்லை.

இன்னொரு கரண்டி எடுத்துக்கொண்டு, "பெட்டி வை" என்றார்.

திரும்பும் வழியில் முதலாளி வண்டியை இரண்டு இடத்தில் நிறுத்தி, ஓடைத் தண்ணீரில் வாய் கொப்பளித்தார். பதுளை தெரியத் தொடங்கியபோது என் பக்கம் திரும்பினார்.

"ஐயா, துப்பியாச்சு. ஆனா போகமாட்டேங்குதே. புகை போயிடுச்சு, திராட்சை நாக்குலயே உக்காந்திருக்கு. இது விரதத்துல சேருமா, சேராதா?"

மறுநாள் அவர் தலைமுழுகி விரதத்தை முதலிலிருந்து தொடங்கினார்.

கடையின் பேர் தப்பியது. சில வாரங்களில் வேறு பங்களாக்களிலிருந்தும் அந்தப் புகை விஸ்கியைக் கேட்டு ஆள் வந்தது. மற்றப் போத்தல்களைப் பற்றிக் கேட்டால் முன்போலவே "எனக்கென்னங்க தெரியும்" என்பார். இந்த ஒன்றுக்கு மட்டும் குரலைத் தாழ்த்தி, "அவசரப்படக் கூடாதுன்னு துரைகிட்ட சொல்லுங்க. இனிப்பு பின்னாலதான் வரும்" என்பார்.