நட்சத்திர செல்லும் வீட்டுக்காரரின் ரோஷமும்

என் கணவர் விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறவர். நான் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் எடுக்கிறேன். போன வருஷம் அவருக்கு வலது கை நடுங்க ஆரம்பித்தது. பார்க்கின்சன் என்றார் டாக்டர். மாத்திரையில் நடுக்கம் குறைந்தது, நிற்கவில்லை. "கண்ணு எழுதுற வேலை போச்சுன்னா அப்புறம் நான் எதுக்கு?" என்று ஒருநாள் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது.

அன்றிலிருந்து கிடைத்த கட்டுரையையெல்லாம் படித்தேன். மைட்டோகாண்ட்ரியா செல்லின் ஆற்றல் நிலையம் என்று போர்டில் எழுதிப்போட்டு, மனப்பாடம் செய்யச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போகிற ஆள் நான். அது ஒரு செல்லிலிருந்து இன்னொரு செல்லுக்குப் போகும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மூளையில் நட்சத்திர வடிவில் சில செல்கள் உண்டு. பக்கத்து நரம்புச் செல் சோர்ந்துபோனால், தன்னிடம் இருக்கிற மைட்டோகாண்ட்ரியாவில் கொஞ்சம் கொடுக்குமாம். இதை வைத்து மருத்துவம் செய்ய முடியுமா என்று இப்போதுதான் எலிகளிலும் ஆய்வுக்கூடத்திலும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இவ்வளவும் படித்த பிறகும் டாக்டரிடம் போய், "என்னோடத எடுத்து இவருக்குக் குடுக்க முடியுங்களா?" என்று கேட்டுவிட்டேன். பாடம் எடுக்கிறவள் கேட்கிற கேள்வியா அது! அவர் சிரிக்கவில்லை. "இன்னும் அந்த அளவுக்கு வரலீங்க டீச்சர். மாத்திரைய விடாம குடுங்க" என்றார்.

இதற்கிடையில் இவர் வேலை பார்க்கும் பொம்மைக் கம்பெனியில் வேறொன்று நடந்திருக்கிறது. சூளைக்குப் போகுமுன் ஈரத்துணியால் துடைத்தால் வர்ணம் போய்விடும், வெந்துவிட்டால் போகாது. இவர் பக்கத்தில் உட்காரும் அக்கா, இவர் சாப்பிடப் போகிற நேரம் பார்த்துக் கோணல் கண்களைத் துடைத்துவிட்டுத் தானே எழுதி வைத்திருக்கிறார். ஆனால் இவர் இமையின் ஓரத்தை லேசாக மேலே இழுப்பார். அக்காவுக்கு அது வராது. சூளை பிரித்த அன்று இவர் கண்டுபிடித்துவிட்டார்.

ஒரு பொம்மையைக் கையோடு வீட்டுக்கு எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். "இது என் கண்ணு இல்ல. நாளைலேர்ந்து நான் போவல." எனக்கும் கோபம் வந்தது. நட்சத்திர செல் கதையை மூச்சுவிடாமல் சொல்லி, "அந்த நரம்பு செல்லு வேணாம்னா சொல்லுது?" என்று கேட்டேன்.

"செல்லுக்கு ரோஷம் கெடையாது. எனக்கு இருக்குதே" என்றார்.

ஆனால் மறுநாள் காலை வழக்கமான நேரத்துக்குக் கிளம்பினார். சண்டை போடத்தான் போகிறார் என்று பயந்து நானும் பின்னாலேயே போய் ஜன்னலுக்கு வெளியே நின்றேன். அக்கா தலை நிமிரவில்லை. இவர் தன்னுடைய மெல்லிய பிரஷ்ஷைக் கழுவித் துடைத்து அக்கா முன்னால் வைத்தார்.

"யக்கா, இனிமே மறைச்சு செய்யாதீங்க. பொம்மையோட சேலைக்கு நான் கலர் அடிச்சுத் தரேன். கண்ணு நீங்க எழுதுங்க."

"உன்ன மாதிரி எனக்கு வராது தம்பி."

"வரலன்னா என்ன? அதுவும் கண்ணுதான்."

எனக்கு நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும். பள்ளிக்கூடம் வரைக்கும் அழுதுகொண்டே போனேன்.